தூர்

சாவா நதியில் தூர்வாரும் கப்பலில்
இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் விங்கோ.
இப்போது அவரைத் தூர்வாருகிறார்கள்.

இதைச் சொன்னதும் அவர்தான்.
ஸ்லவோன்ஸ்கி ப்ரோட் மருத்துவமனையில்
இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தபடி
மயக்க மருந்து கொடுத்த பெண்ணிடம் சொன்னார்.
அவள் சிரிக்கவில்லை.
சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பென்சில் கனம்கூட இல்லாத கருவி
மேலேறிப் போகிறது.
திரையில் ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம்
ஒதுங்கி வழிவிடுகிறது, பின்னால் மூடிக்கொள்கிறது.
இடது சிறுநீரகம் போய் ஏழு வருஷம்.
இருப்பது இது ஒன்று.
ஒற்றைக் கண்ணுக்கு மை தீட்டுகிறவள்போல
மூச்சடக்கி நிற்கிறார் டாக்டர் நெவெங்கா.

எப்படி வந்தது என்று கேட்டால்
ரொட்டியில் வந்தது.
அந்தக் கரை வயல்களில் கோதுமைக்கு நடுவே ஒரு களை,
மஞ்சள் பூ, நெஞ்சு வடிவத்தில் இலை.
நம் ஆடுதின்னாப்பாளைக்குத் தங்கை முறை.
ஆடு தின்னாது என்பதை
நாம் பெயரிலேயே எழுதிவைத்தோம்.
அங்கே அதற்கு ஓநாயின் பாதம் என்று பெயர்.
விதை கதிரோடு அறுபட்டு, அரைபட்டு,
வெந்து, வெண்ணெய் தடவப்பட்டு
சின்ன வயதில் வயிறு நிறைந்தது.
ஓநாய் மெல்ல நடந்தது.
நாற்பது வருஷம் நடந்தது.
அவர் தெருவில் மட்டும் நாலு வீட்டைத் தட்டியது.

அண்ணன் ஸ்டியெபானுக்கு இரண்டையும் எடுத்தாயிற்று.
திங்கள் புதன் வெள்ளி டயாலிசிஸ்.
ஜூலை வெயிலில்
ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு
பேசாமல் உட்கார்ந்திருப்பார்.
"நீயும் எடுத்துவிடு" என்பாள் யெல்கா.
"அவர் தாகத்தோடு தூங்குகிறார்.
நீ பயத்தோடு விழித்திருக்கிறாய்.
பக்கத்தில் நானும்."
விங்கோ பதில் சொல்ல மாட்டார்.
எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிப்பார்,
அவள் பார்க்க.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை.
முதல் இரண்டும் சுத்தம்.
மூன்றாவதில் சிறுநீர்ச் செல் பரிசோதனையில்
சந்தேகம் என்று ஒரு சொல்.
அந்தச் சொல்லோடு பதினோரு நாள் குடித்தனம்.
பிறகு ஒன்றுமில்லை என்றார்கள்.
நாலாவதும் சுத்தம்.

இன்று ஐந்தாவது.
கீழ்க் கிண்ணத்தின் ஓரத்தில்
பயத்தம்பருப்பு அளவில் பாசி.
உள்ளே பாய்ச்சும் நீரில்
அதன் விரல்கள் ஆடுகின்றன.
அழகாகவே இருந்தது, என்ன செய்ய.

"ஆழம்?" என்றார் விங்கோ.
"மேலோட்டமாகத் தெரிகிறது.
துணுக்கு எடுத்து அனுப்புகிறேன். பத்து நாள்."
ஒரு பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்தது.
லேசர் சுட்டது.
வெள்ளைத் துகள்கள் எழும்பித் திரை கலங்கியது,
தெளிந்தது,
மறுபடி கலங்கியது.

ஷாமாட்ஸ் திருப்பத்தில் வருஷா வருஷம்
போஸ்னா ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டும்.
வாரியதெல்லாம் அடுத்த பனிக்கரைசலில் திரும்பி வரும்.
நதி குணமாகிவிட்டதா என்று
எந்த அதிகாரியும் அவரைக் கேட்டதில்லை.
எத்தனை மீட்டர் என்று கேட்பார்கள்,
நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள்.
இதை இத்தனை நாள் மறந்துபோயிருந்தேனே என்று
கால் உணர்வில்லாமல் கிடந்தவர்
சத்தமாகவே சொல்லிவிட்டார்.
"அசையாதீர்கள்" என்றார் நெவெங்கா.

உள்ளே ஒரு குழாயை வைத்து அனுப்பினார்கள்.
எரிச்சல். சிறுநீர் ரோஸ் நிறம்.
வராந்தாவில் யெல்கா, மடியில் ஃபிளாஸ்க்.
"போயிடுச்சா?"
"படகு போகும்" என்றார்.
"நான் படகைக் கேட்கவில்லை."

காரில் ஏறியதும்
கைப்பையிலிருந்து சின்னக் காலண்டரை எடுத்தாள்.
ஜனவரி. பதினாலாம் தேதி.
பேனா எழுதவில்லை.
முனையில் ஊதி,
உள்ளங்கையில் நாலு கோடு கிறுக்கிப் பார்த்து
மறுபடி அழுத்தினாள்.